ஓசூர் வந்து சேர்ந்த திருகு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கருப்பாக இருக்கும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், நம் கரையிலிருந்து கப்பலேறிய தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அவர் கண் முழுக்க அதன் மேல்தான். அதே மணலில் மோனசைட்டைவிடப் பல மடங்கு கிடந்த இல்மனைட்டை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கருங்கனிமம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1791-இல் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் டைட்டானியத்தின் தடயத்தை முதன்முதலாகப் பார்த்ததும் கருமணலில்தான்.

உலகத்தில் தோண்டப்படும் டைட்டானியக் கனிமத்தில் பெரும்பங்கு உலோகமாவதே இல்லை. வெள்ளைப் பொடியாகி, சுவர்ப் பூச்சுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது. பற்பசையை வெள்ளையாக்குவதும் பல நேரங்களில் அதே பொடிதான். பல் ஆடத் தொடங்குவதற்கு முப்பது நாற்பது வருடம் முன்பிருந்தே டைட்டானியம் தினமும் காலையில் ஒருவருடைய வாய்க்குள் போய் வந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மீதியிருக்கும் சிறுபங்குதான் நம் கதை. டைட்டானியத்தை ஆக்சிஜனிடமிருந்து பிரிப்பது லேசில்லை. இரும்பைப் போலக் கரியோடு போட்டு உருக்கினால் கார்பனையும் பிடித்துக்கொண்டு நொறுங்கும். லக்ஸம்பர்க்கில் பிறந்த வில்லியம் குரோல் வகுத்த வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது: கனிமத்தைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்கி, காற்றுப் படாத கலனில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய வைப்பது. கிடைப்பது சாம்பல் நிறத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கட்டி, பெயரே ஸ்பாஞ்ச். அதை வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கினால் உலோகம். உருகுநிலை 1668 டிகிரி செல்சியஸ். கொல்லத்துக்குப் பக்கத்தில் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் ஸ்பாஞ்ச் எடுக்கும் ஆலை 2011-இல் திறக்கப்பட்டது. விண்வெளித் துறையின் தேவைக்காக வந்தது. போன பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் நடுவதற்காக ஓசூர் பல் கிளினிக்கின் அலமாரியில் இருக்கும் டைட்டானியத் திருகு சவறாவில் பிறந்ததா, ஜப்பானிலா, கஜகஸ்தானிலா என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொரியா, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் என்று திருகு கடைந்த நாடு அச்சாகியிருக்கும். உலோகத்தின் பிறந்த ஊர் இருக்காது.

இந்த உலோகம் எலும்போடு ஒட்டும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. 1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் சிறு டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்து, எலும்புக்குள் இரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்து, விலையுயர்ந்த அந்தக் கூட்டைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் படிந்துவிடும். உடம்பு அதை அந்நியமாக விரட்டுவதில்லை. 1965-இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் பிரோனமார்க் நான்கு திருகுகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர். வயது முப்பத்து நான்கு. 2006-இல் அவர் இறக்கும்வரை அந்தத் திருகுகள் உறுதியாக நின்றன.

பிரோனமார்க்கைப் பல் மருத்துவ உலகம் நம்புவதற்கு 1982-இல் டொரன்டோவில் நடந்த மாநாடு வரை ஆனது. திருகைப் பெரிய அளவில் செய்யப் பணமும் இயந்திரமும் போட்ட கம்பெனி எது தெரியுமா? போஃபர்ஸ். நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பீரங்கியும் 1987-இன் ஊழல் புகாரும்தான் நினைவுக்கு வரும். இன்று நோபல் பயோகேர் என்று அறியப்படும் நிறுவனம் அந்த வீட்டிலிருந்து பிரிந்து வந்த பிள்ளை.

போட்டியாக நின்ற சுவிஸ் நிறுவனமான ஸ்ட்ராமனின் பூர்வீகம் எனக்கு இன்னும் பிடித்தது. 1954-இல் அது தொடங்கியபோது வேலை பல் அல்ல, கைக்கடிகாரம். நிறுவனர் ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் கடிகார வில்லுக்கான உலோகக் கலவைகளில் பேர் போனவர். அங்கிருந்து உடைந்த எலும்புக்கான தகடு. பிறகு 1974 வாக்கில் பல் திருகு. திருகைக் கடையும் இயந்திரமும் கடிகாரத்தின் சொந்தம்தான். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் கடிகாரத் திருகுக்காக உருவான, தலைப்பகுதியே முன்னும் பின்னும் நகரும் கடைசல் இயந்திரத்துக்கு ‘சுவிஸ் லேத்’ என்றே பட்டறையில் பெயர். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது; வெட்டும் உளி சூடேறும், சீவல் சுற்றிக்கொள்ளும். எண்ணெயைப் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகக் கடைய வேண்டும்.

இதை ஓசூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், கடிகாரத்துக்காக இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் அதற்கு முன்பே வந்தவை. அவற்றைச் சுற்றி சிப்காட்டிலும் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் கடைசல் பட்டறைகள். மைக்ரானில் பேசுகிறவர்கள், டார்க் ரெஞ்சைக் கையில் பிடித்தவர்கள் வாழும் ஊர். அவர்களில் ஒருவருடைய வாயில் இந்தத் திருகு இறங்கப் போகிறது என்பதால்தான் இவ்வளவு தூரம் அதன் பின்னால் வந்தேன்.

கடைந்து முடித்த திருகின் மேல்பரப்பை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, அமிலத்தில் அரிப்பார்கள். வழவழப்பான உலோகத்தைவிடச் சொரசொரப்பானதில் எலும்பு சீக்கிரம் படியும். பிறகு கழுவல், காமாக் கதிரில் கிருமிநீக்கம், சின்னக் குப்பி, அதற்கு வெளியே இன்னொரு உறை. மூடியில் எழுதியிருக்கும்: விட்டம் 4 மில்லிமீட்டர், நீளம் 11.5. காலாவதி தேதி இருக்கும், தொகுதி எண் இருக்கும். நம் நாட்டில் 2018 முதல் நடப்புக்கு வந்த மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு இது கட்டுப்பட்டது. திருகின் தரப்பில் எல்லாம் அளந்தாயிற்று. இனி அளக்க வேண்டியது அது போய் உட்காரப் போகும் குழியை.

கிளினிக்கில் கேள்வி ஒரே மாதிரிதான் வரும். “சார், ஞாயித்துக்கிழமை புடுங்கிட்டு அன்னைக்கே பல்லு வெச்சிடலாமா? திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகணும்.” அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு, வழியெல்லாம் ஒரே நாளில் பல் என்கிற விளம்பரப் பலகைகள். கேட்பவர்மேல் தப்பில்லை. லீவு போட்டால் சம்பளம் போகும். நல்ல மருத்துவர் சொல்லும் பதில் மட்டும் அவருக்குப் பிடிக்காது: “பல்ல எடுத்துப் பாத்துட்டுத்தாங்க சொல்ல முடியும்.”

அந்தக் கேள்விக்குள் இரண்டு வேலை கலந்து கிடக்கிறது. பல் எடுத்த அன்றைக்கே எலும்பில் திருகை இறக்குவது ஒன்று. அதன் மேல் அன்றைக்கே பல்லை மாட்டுவது வேறொன்று. முதலாவது பொருந்துகிற எல்லாருக்கும் இரண்டாவது பொருந்தாது. விளம்பரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

பிரோனமார்க் காலத்தில் அவசரமே கிடையாது. பிடுங்கிய இடம் பல மாதம் ஆற வேண்டும்; பிறகு திருகை வைத்து ஈறை மூடித் தைத்து, கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் டூபிங்கனில் வில்ஹெல்ம் ஷுல்ட்டே 1970-களிலேயே பிடுங்கிய குழியில் உடனே நடும் பீங்கான் வேர் ஒன்றைச் செய்தார். டைட்டானியத்தில் இந்த முறை 1980-களின் இறுதியில் பரவியது. உடனே நட்டால் குழியைச் சுற்றிய எலும்பு கரையாமல் நிற்கும் என்று அப்போது பலர் நம்பினார்கள். நிற்கவில்லை. 2004, 2005 வாக்கில் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. பல்லுக்காகவே இருந்த மெல்லிய எலும்பு, பல் போனதும் போகிறது. திருகு அதைத் தடுப்பதில்லை. 2003-இல் கூடிய நிபுணர் குழு நேரத்தை நாலாகப் பிரித்தது: அன்றைக்கே, நாலு முதல் எட்டு வாரத்தில், பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்தில், பதினாறு வாரத்துக்குப் பின். யாருக்கு எது என்று பார்ப்பதே மருத்துவரின் வேலை.

குழி திருகைவிடப் பெரியது; இதுதான் அன்றைக்கே நடுவதில் உள்ள சிக்கல். கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டத்துக்கு வேலி போடுகிறவர்கள் கல்கால் நடுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். குழி அகலமாகப் போய்விட்டால், அடியில் கெட்டித்தரை கல்லைக் கவ்வினால்தான் அது நிற்கும். பக்கத்தில் மண்ணைப் போட்டு நிரப்புவது அப்புறம். திருகுக்கும் அதேதான். பழைய பல்வேரின் நுனிக்கு அப்பால் மூன்று நாலு மில்லிமீட்டராவது புது எலும்பு கிடைக்க வேண்டும். மேல்கடைவாயில் அங்கே சைனஸ் அறை குறுக்கே வரும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடும், அதற்கு மேல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இதையெல்லாம் பார்க்கத்தான் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன். தட்டையான எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது.

முன்பல்லில் வேறு கவலை. உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பல்லைப் பிடுங்கும்போதே அது பெயர்ந்து வந்துவிடலாம். பெயர்ந்தால் அன்றைய திட்டம் மாறுவதே நல்லது. சுவர் முழுதாக நின்றால், திருகை அண்ணப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இறக்கி, முன்னால் விழும் இடைவெளியில் எலும்புத் துகளை நிரப்புவார்கள். ஈறு தடிமனாக இருந்தால் சாதகம். உள்ளே வைத்த கருவி வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய ஈறு என்றால் சில வருடத்தில் அது ஏறி, சாம்பல் விளிம்பு தெரியக்கூடும். சிரித்தால் ஈறு வரை தெரிகிறவர்களிடம் மருத்துவர் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வரும் பயிற்சித் தொழிலாளர்களில் பலர் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும்போது திருகு வைத்தால் பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து நகரும். திருகு நட்ட இடத்தில் நிற்கும். சில வருடம் கழித்து அந்த ஒரு பல் மட்டும் மேலே ஏறிப்போன மாதிரி தெரியும். வளர்ச்சி நின்றது என்று உறுதியாகும்வரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லில் ஒட்டும் பாலமோ போதும்.

வலியும் வீக்கமும் சீழுமாக வருகிறவருக்கு அன்றைக்கே திருகு வேண்டாம். வேர் நுனியில் பழைய, அமைதியான புண் என்றால், நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு நடுவதுண்டு. அதைத் தீர்மானிக்க அனுபவம் வேண்டும். ஈறுநோயால் பல் ஆடி விழுகிறவருக்கு அந்த நோயை அடக்காமல் திருகு வைத்தால், பல்லைத் தின்றது திருகைச் சுற்றியும் தின்னும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு முதலில் மூன்று மாதச் சராசரிச் சோதனை. அது இறங்கட்டும், பல் பொறுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரையோ வருடம் ஒருமுறை ஊசியோ போடும் அம்மாக்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முழங்கால் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. சம்பந்தம் உண்டு. அந்த மருந்துகளில் சில, பல் எடுத்த தாடையெலும்பை ஆறவிடாமல் அழுகச் செய்யக்கூடும் என்பது 2003 முதல் பதிவாகி வருகிறது.

புகையிலை இந்த எல்லைப்புறத்தின் தனிப் பிரச்சினை. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி இன்றும் பத்திரிகையில் வருகிறது. நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் அடக்கி வைப்பவர்கள் உண்டு. புகைத்தாலும் அடக்கினாலும் ஈறுக்கு இரத்த ஓட்டம் குறையும். விட்டுவிட்டேன் என்று சொல்லும் வாயைத் திறந்தால் கறை உண்மையைச் சொல்லிவிடும்.

கறை என்றதும் இன்னொன்று. கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்களில் வளர்ந்தவர்களின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு இருக்கும். அது அழுக்கு அல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊறி வந்த ஃப்ளூரைடின் வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. இந்த மாவட்டங்களில் பல ஊர்கள் அதைத் தாண்டியவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததன் முக்கியக் காரணமே இதுதான். பல்லில் தெரிவது எலும்பிலும் படிந்திருக்கலாம். ஃப்ளூரைடு அதிகம் ஏறிய எலும்பு படத்தில் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அதைப் பார்த்து நல்ல எலும்பு என்று மகிழக் கூடாது. மிகக் கெட்டியான எலும்பில் இரத்த ஓட்டம் குறைவு. துளையிடும்போது சூடும் அதிகம். எலும்பின் வெப்பம் ஒரு நிமிடம் 47 டிகிரியில் நின்றாலே அதன் செல்கள் சேதமாகும் என்பது 1980-களில் முயல்களில் காட்டப்பட்ட கணக்கு. ஆகவே உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டு, விட்டுவிட்டு இறக்க வேண்டும். நோயாளியிடம் எந்த ஊர், சின்ன வயதில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்கும் பல் மருத்துவரை நான் கூடுதலாக நம்புவேன்.

இவ்வளவும் தாண்டிப் பல் எடுத்தாயிற்று, சுவர் நிற்கிறது, குப்பி திறக்கப்படுகிறது. திருகு மெதுவாக இறங்குகிறது. கடைசிச் சுற்றில் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்தான் தீர்ப்பு: 35 நியூட்டன் சென்டிமீட்டர். பைக்கின் ஸ்பார்க் பிளக்கை இறுக்கும் விசையில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அந்த அளவை எட்டினால், அன்றைக்கே தற்காலிகப் பல் பற்றி யோசிக்கலாம். அதுவும் எதிர்ப்பல் படாத உயரத்தில், பார்வைக்கு மட்டும். எட்டாவிட்டால் மூடியைப் போட்டு விட்டுவிட வேண்டும். கையால் சுற்றும்போதே தானாகச் சுழன்றால் வெளியே எடுத்துவிட வேண்டும். வெளியே எடுப்பதைத் தோல்வி என்று நினைக்கும் மருத்துவரும் ஏமாற்றம் என்று நினைக்கும் நோயாளியும் சேர்ந்தால்தான் ஆபத்து. எட்டு வாரம் கழித்து வந்தால் ஈறு மூடியிருக்கும், அடியில் எலும்பு நிரம்பத் தொடங்கியிருக்கும். 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அன்றைக்கே வைத்தவை ஏறக்குறைய 95 விழுக்காடும், ஆறிய பின் வைத்தவை 99 விழுக்காடும் நின்றிருந்தன. அன்றைக்கே வைப்பதைத் தவிர்க்கும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். தேர்ந்தெடுத்த ஆட்களிலேயே அப்படி என்றால், தேர்ந்தெடுக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே யோசிக்கலாம்.

திருகு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிகவும் பலவீனமான காலம் முதல் நாள் அல்ல. மூன்றாவது, நாலாவது வாரம். இறுக்கிப் பிடித்த பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு இன்னும் கெட்டிப்படாத இடைவேளை அது. வலி அப்போது சுத்தமாகப் போயிருக்கும். ஆள் தைரியமாக ஆட்டெலும்பைக் கடிப்பார். இங்கே இந்த ஊரின் சாப்பாடு கைகொடுக்கிறது. கேழ்வரகுக் களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பது வட்டாரப் பழக்கம். அந்த மாதங்களுக்கு அதைவிடப் பொருத்தமான உணவை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது. மாங்காய்க் கீற்றை அடுத்த பருவத்துக்கு ஒத்திப்போடலாம்.

குப்பியோடு ஒட்டுச்சீட்டு ஒன்று வரும். நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். கிளினிக்கின் கோப்பில் ஒன்று ஒட்டுவார்கள். இன்னொன்றை நோயாளி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கிறவர்களில் பலர் வேறு ஊர்க்காரர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், நாளைக்குப் புனேக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ மாற்றலாகப் போகிறவர்கள். பத்து வருடம் கழித்து மேலிருக்கும் பல் தளர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது எந்தக் கம்பெனித் திருகு என்ற விவரம். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளி வேறு. சீட்டை ஆதார் அட்டையோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளலாம், செல்போனில் ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.